இரண்டு சம்பந்திகள், ஒரு குடை

போன வாரம் தம்பியிடம் ஒரே ஒரு "ஆமாம்" சொல்லிவிட்டாள் டுலாரி. அன்றிலிருந்து அந்த ஒரு வார்த்தை அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

தம்பி ஹரிலால் இதே சமையலறையில், இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்டான். "மார்ஸ்லின் நல்ல பொண்ணுதான்க்கா. நான் இல்லேன்னா சொல்றேன்? ஆனா நம்மாளு இல்ல. ஓட்டுன்னு வந்தா நம்மாளுக்குத்தானே?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டே "ஆமாம்" என்றாள் டுலாரி. நிமிர்ந்து பார்த்தால், துவைத்த துணிக்கூடையோடு கதவோரம் நிற்கிறாள் மருமகள் மார்ஸ்லின். துணியை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். நாலு வார்த்தை சண்டை போட்டிருந்தால் டுலாரிக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்று தேர்தல் நாள்.

டிரினிடாட் தீவின் பலாட்டா கிராமத்தில் பிள்ளை பிறந்தால் பெயர் வைப்பதற்கு முன்பே கட்சி முடிவாகிவிடும். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த இந்தியர்களின் வாரிசு என்றால் சேவல் கட்சி. ஆப்பிரிக்க வம்சம் என்றால் படகுக் கட்சி. கோயில் முனை முழுக்கச் சேவல், சர்ச் முனை முழுக்கப் படகு. கோயில் முனையில் தலை கொஞ்சம் அதிகம் என்பதால் ஹரிலால் மூன்று முறையாக அசையாமல் கவுன்சிலராக இருக்கிறான்.

இந்த முறை நடுவில் புகுந்தது ஒரு அரிக்கேன் விளக்கு. அதுதான் மார்ஸ்லினின் சின்னம். ஆப்பிரிக்க வம்சத்துப் பெண், டுலாரியின் மகன் விஷானைக் கட்டிக்கொண்டு கோயில் முனைக்கு வந்தவள். எந்தக் கட்சியும் இல்லாமல் தனியாக நிற்கிறாள். காரணம் வாய்க்கால். போன மழையில் அது பொங்கி, கோயில் முனையில் டுலாரியின் ஃபிரிட்ஜையும் சர்ச் முனையில் மார்ஸ்லினின் அம்மாவுடைய மெத்தையையும் ஒரே நாளில் நாசமாக்கியது. மூன்று முறை கவுன்சிலர் கட்டிய ஒரே சிமெண்ட் வாய்க்கால் கவுன்சிலர் வீட்டு வாசலில் இருந்தது.

"அத்த, கெளம்பறேன்," என்றாள் மார்ஸ்லின். வெள்ளைச் சட்டை, காதில் சின்னத் தோடு.

"சாப்ட்டுட்டுப் போ. வெறும் வயித்தோட ஜெயிச்சாலும் மயக்கம்தான் வரும்."

சுட்ட கத்திரிக்காயை மசித்த சோக்காவை வைத்து ஒரு ரொட்டியை நின்றபடியே தின்றாள். தட்டைக் கழுவி வைத்தாள். இப்போதாவது கேட்பாளா என்று பார்த்தாள் டுலாரி. 'எனக்கு ஓட்டுப் போடுங்க அத்தை' என்று ஒரு வார்த்தை. கேட்டால், "அது என் கூடப் பொறந்தவன்டீ" என்று பதிலுக்குக் கத்தியாவது தீர்த்துக்கொள்ளலாம்.

"சாயங்காலம் பாக்கலாம் அத்த," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் வாசலில் விஷானின் கார் இருமியது, இன்னொரு முறை இருமியது, பிறகு அடங்கிப்போயிற்று.

"பேட்டரி போச்சும்மா." விஷான் தலையில் கை வைத்துக்கொண்டான். "விளக்குக்குன்னு ஆளுங்கள ஏத்திட்டுப் போக இருந்ததே இந்த ஒரு வண்டிதான். ஓட்டுப் போடற ஸ்கூல் ஹைவேக்கு அந்தப் பக்கம் கெடக்கு. இந்த வெயில்ல வயசானவங்க யாரு நடப்பாங்க?"

மற்ற இரண்டு கட்சிகளுக்கும் வண்டிக்குக் குறைவில்லை. கூரையில் ஒலிபெருக்கி கட்டி, பாட்டு அலற அலற, காலையிலிருந்து தெருவில் உழுதுகொண்டிருந்தன.

இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் சம்பந்தி குளோட்டில். மார்ஸ்லினைப் பெற்றவள். அகலமான உடம்பு, அதைவிட அகலமான சிரிப்பு. மார்பில் பளபளவென்று படகுச் சின்னம் போட்ட பனியன்.

"சம்பந்தி, ரொட்டி சூடா இருக்கா?"

"பெத்த பொண்ணு தேர்தல்ல நிக்குது. நீ படகுப் பனியன மாட்டிக்கிட்டு வந்து ரொட்டி கேக்கறே."

"பனியன் ஓசி. துணி நல்லாருக்கு."

"ஓட்டு?"

"படகுக்குத்தான். எங்கப்பா படகு, எங்க தாத்தா படகு. பொண்ணு பொண்ணுதான், கட்சி கட்சிதான். நீ மட்டும் என்ன வாழுது? சேவலுக்குத்தானே போடப் போறே?"

"அது என் தம்பி."

"இது உன் மருமக."

"உன் மக."

சோக்காவில் மிளகாய் தூக்கலாக இருக்கிறது என்று ஒருத்தி சொல்ல, இல்லை என்று மற்றவள் சொல்ல, ஆளுக்கு இரண்டு ரொட்டி காலியாயிற்று.

வாசலில் ஹார்ன் அடித்தது. சேவல் வண்டி. வீட்டு முன் மூங்கிலில் பூசைக் கொடி பறந்தால் அது சேவல் வீடு என்பது அவர்கள் கணக்கு. ஓட்டி வந்தவன் நாவின், பக்கத்துத் தெருப் பையன்.

"ஏறுங்க ஆன்ட்டி." குளோட்டில் பக்கம் திரும்பி, "உங்க வண்டி பின்னாடி வரும்," என்று மரியாதையாகவே சொன்னான்.

"போ போ. என் வண்டியில பாட்டு நல்லாருக்கும்," என்றாள் குளோட்டில்.

பின்சீட்டில் எதிர்வீட்டு ருக்மினும் அவள் புருஷனும் இருந்தார்கள். வண்டி கடைமுக்கில் திரும்பியபோது, ஊன்றுகோலோடு வெயிலில் நின்ற பெரியவர் கத்பர்ட் கையைக் காட்டினார். நாவின் வேகத்தைக் குறைக்கவில்லை.

"நிறுத்துடா. கத்பர்ட் அண்ணன் நிக்கறாரு."

"அவரு படகு ஆளு ஆன்ட்டி."

"யாருடா சொன்னா?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியலியா? காலையில இருந்து மூணு தடவ கை காட்டிட்டாரு. எதுக்குப் படகுக்காரன நம்ம பெட்ரோல்ல சுமக்கணும்?"

டுலாரிக்குச் சுருக்கென்றது. "டேய், அந்த மூஞ்சிதான் ஹரிக்குச் சீட்டாட்டத்துல ஜோடி. கல்யாணமானதுலேருந்து ஹரி பொண்டாட்டி பேச்சக் கேட்டதில்ல, கத்பர்ட் பேச்சத்தான் கேட்டிருக்கான். சர்ச் முனையில சேவலுக்கு விழற ஒரே ஓட்டு அவரோடதுதான்டா."

நாவின் சிரித்தான். நல்ல ஜோக் என்று நினைத்துக்கொண்டான்.

ருக்மின் டுலாரியின் காதருகே குனிந்தாள். "நீ சும்மா வா. நாங்க ரெண்டு பேருமே விளக்குக்குத்தான். என் வீட்டு மெத்தையுந்தான் போச்சு. வண்டி ஓசியில கெடச்சா ஏறாம என்ன?"

டுலாரி ருக்மினைப் பார்த்தாள். நாவினின் பின்னந்தலையைப் பார்த்தாள். சேவலுக்குப் போடுகிறவர் வெயிலில் நிற்கிறார், விளக்குக்குப் போடுகிறவர்கள் சேவல் வண்டியில் ஜம்மென்று போகிறார்கள். அடிவயிற்றிலிருந்து அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நிறுத்து. நான் எறங்கணும். அடுப்ப அணைச்சேனா இல்லையான்னு தெரியல."

கடைமுக்குக்குத் திரும்பி நடந்து வந்தபோது, குளோட்டில் பெரிய பூப்போட்ட குடையோடு படகு வண்டிக்காக அங்கே நின்றிருந்தாள். கத்பர்ட் கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஹரிலாலின் பெயரைச் சொல்லி ஊன்றுகோலால் தரையைக் குத்திக்கொண்டிருந்தார். வெயில் மண்டையைப் பிளந்ததால் டுலாரி சம்பந்தியின் குடைக்குள் புகுந்துகொண்டாள்.

வேறொரு சேவல் வண்டி வந்தது. மெதுவாகியது. ஓட்டியவன் டுலாரியைப் பார்த்தான், ஒட்டி நின்ற குளோட்டிலைப் பார்த்தான், போய்விட்டான்.

படகு வண்டி வந்தது. குளோட்டில் உற்சாகமாகக் கையாட்டினாள். ஓட்டியவன் அவளைப் பார்த்தான், டுலாரியைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

"என் பனியனக்கூடப் பாக்கலியே," என்றாள் குளோட்டில். வாழ்க்கையில் இப்படி ஓர் அவமானம் அவளுக்கு நேர்ந்ததில்லை.

"பனியன எங்க பாத்தான்? பக்கத்துல என் மூஞ்சியப் பாத்தான். இந்தியப் பொம்பளையோட ஒட்டி நிக்கறா, இவள நம்பக் கூடாதுன்னு போயிட்டான்."

"நான் ஞானஸ்நானம் வாங்கறதுக்கு முன்னாடியே படகு சம்பந்தி."

"அத அவன்கிட்டச் சொல்லு."

இன்னொரு வண்டியும் அப்படியே போயிற்று. டுலாரி குடையை விட்டு வெளியே வந்து, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள். அடுத்து வந்த சேவல் வண்டி அவள் காலடியில் கிறீச்சிட்டு நின்றது. "ஏறுங்க ஆன்ட்டி." அந்தப் பக்கம் படகு வண்டி குளோட்டிலுக்குக் கதவையே திறந்துவிட்டது. இருவரும் ஏறவில்லை. சாலைக்கு இருபுறமும் நின்று ஒருத்தியை ஒருத்தி பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

டுலாரி போனை எடுத்தாள். "விஷான், பேட்டரி கெடக்கட்டும். வண்டியில்லாம வீட்டுல ஒக்காந்திருக்கறவங்க எல்லாரையும் கடைமுக்குக்கு வரச் சொல்லு. இங்க வண்டி இருக்கு. எத்தன வேணுமோ அத்தன இருக்கு."

"யார் வண்டிம்மா?"

"எல்லார் வண்டியும்."

அரை மணி நேரத்தில் கடைமுக்கு திருவிழாக் கூட்டமாகிவிட்டது. டுலாரி நடுச்சாலையில் நின்று போலீஸ்காரி மாதிரி கையைக் காட்டினாள். "இந்திய மூஞ்சியெல்லாம் வலது பக்கம். ஆப்பிரிக்க மூஞ்சியெல்லாம் இடது பக்கம். சேர்ந்து நின்னா ஒரு பயலும் நிறுத்த மாட்டான். பிரிஞ்சு நில்லுங்க, எறங்கினதும் சேந்துக்கலாம்."

அப்பா கோயில் முனை, அம்மா சர்ச் முனை என்றிருந்த ஒரு பெண், "நான் எங்க நிக்கறது?" என்று கேட்டாள்.

"நீ அதிர்ஷ்டக்காரி. எது மொதல்ல வருதோ அதுல ஏறு," என்றாள் குளோட்டில்.

வண்டிகள் வந்தபடி இருந்தன. இரண்டு கட்சி ஓட்டுநர்களும் இப்படியொரு கூட்டத்தைக் கண்டதில்லை. "இன்னிக்கு நம்மாளுங்க என்னமா வராங்க," என்று நாவினுக்கு வாயெல்லாம் பல். ஏறியவர்களுக்குக் கோழிச்சோற்றுப் பொட்டலமும் கலரும் கொடுத்து உபசரித்தான். அதையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

கத்பர்ட் கடைசியில் எழுந்தார். நாவின் நாலாவது முறையும் அவரைத் தாண்டிப் போயிருந்தான். "இத்தன வருஷம் ஹரிக்குப் போட்டேன். எங்க முனையில என்னப் பத்தி என்னென்ன பேசினாங்கன்னு உனக்குத் தெரியும் டுலாரி. அவன் வண்டிக்கு என் மூஞ்சி மட்டும்தான் தெரியுதா?" படகு வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டார்.

"நிறுத்தாத கட்சிக்கு எதுக்கு விளம்பரம்?" என்று சொல்லிவிட்டு, குளோட்டில் கடைக்குள் போய்ப் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தாள். பிறகு சம்பந்தியை ஓரக்கண்ணால் பார்த்தாள். "ஆமா, நீ சேவலுக்குத்தான் போடப் போறே. உனக்கு எதுக்கு இத்தன பாடு?"

"ஜனம் ஓட்டுப் போடணும்னேன். யாருக்குன்னு சொன்னேனா?"

ஆளுக்கொரு வண்டியில் ஏறி, பள்ளிக்கூட வாசலில் ஒன்றாகவே இறங்கினார்கள்.

ஹரிலால் ஓடிவந்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டான். வேர்த்து வழிந்தது, முகம் மட்டும் மாப்பிள்ளைக் களையில் இருந்தது. "பாத்தியாக்கா கூட்டத்த? நம்ம வண்டி ஒரு நிமிஷம் நிக்கல. உள்ள போ, சீக்கிரம் போட்டுட்டு வா."

தூரத்தில் மாமரத்தடியில் மார்ஸ்லின் நின்றிருந்தாள். கையை லேசாக உயர்த்தினாள், அவ்வளவுதான். அவளுக்கு நிழல்கூடப் பாதிதான் கிடைத்திருந்தது.

மறைப்புக்குள் போய் டுலாரி சீட்டை விரித்தாள். சேவல், படகு, விளக்கு. பென்சிலை எடுத்ததும் கை பழக்கத்தில் மேலே போகப் பார்த்தது. 'மூஞ்சியப் பாத்தாத் தெரியலியா?' என்று நாவின் கேட்டது காதில் விழுந்தது. அவனைச் சொல்லி என்ன, சமையலறையில் தான் சொன்ன "ஆமாம்" வேறென்ன? அவளுக்கு வெட்கமாக இருந்தது. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியை நினைத்து வலிக்கவும் செய்தது.

அடுத்தவர் ஓட்டுச்சீட்டை எட்டிப் பார்ப்பது குற்றம். நாமும் பார்க்க வேண்டாம். விரலில் சிவப்பு மையோடு அவள் வெளியே வந்தாள்.

பொழுது சாய்ந்து விளக்கேற்றும் நேரத்துக்கு முடிவு வந்துவிட்டது. படகு வெகு தூரத்தில் மூன்றாவது. சேவலைவிட விளக்கு இரண்டு ஓட்டு அதிகம்.

இரண்டே ஓட்டு. ஆனாலும் வெற்றி வெற்றிதான். டுலாரியின் வாசலில் இரண்டு முனை ஜனமும் நிறைந்தது. யாரோ பாட்டுப் போட்டார்கள். யாரோ சட்டியோடு கோழிச்சோறு கொண்டுவந்தார்கள். திருப்பிப் போட்ட பனியனோடு குளோட்டில் ஆடிய ஆட்டத்தில் பூசைக் கொடி மூங்கிலே குலுங்கியது. விஷான் பொண்டாட்டியைத் தூக்கிச் சுற்ற, "எறக்கு, கவுன்சிலரக் கீழ போட்டுடாத," என்று கத்பர்ட் அதட்டினார். டுலாரி அடுப்படியில் பருப்பு மாவில் பொலூரி உருண்டைகளைப் பொரித்துக்கொண்டே தனியாகச் சிரித்துக்கொண்டாள். இவ்வளவு சந்தோஷத்தை இந்த வாசல் மகன் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. அன்று இரண்டு முனையும் வாசலில் தனித்தனியாக அல்லவா உட்கார்ந்திருந்தது.

பின்வாசல் வழியாக ஹரிலால் வந்தான். அதே நாற்காலியில் உட்கார்ந்தான். டுலாரி ஒன்றும் கேட்காமல் சூடான பொலூரியும் மாங்காய்ச் சட்னியும் தட்டில் வைத்தாள்.

"ரெண்டு ஓட்டுக்கா." "கத்பர்ட் மூஞ்சிக்கு நேரா சொல்றான், விளக்குக்குப் போட்டானாம். என் வண்டி நாலு தடவ தாண்டிப் போச்சாம். நானா போகச் சொன்னேன்? எனக்குத் தெரியவே தெரியாதுக்கா."

"சாப்டு."

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மனு குடுத்தா திரும்ப எண்ணுவாங்க. எழுதி வெச்சிருக்கேன்." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். "ஊரே கைய விட்டுடுச்சு. எவனையும் நம்ப முடியல. உன் ஓட்டு ஒண்ணுதான்க்கா எனக்கு நிச்சயம்."

வாசலில் பாட்டு அலறியது. டுலாரி பேசாமல் இருந்துவிட்டால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை. தம்பி நாலு பொலூரி தின்றுவிட்டு ஆறுதலோடு வீட்டுக்குப் போவான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஹரி, என் ஓட்டும் உனக்கு விழல. விளக்குக்குப் போட்டேன்."

அவன் வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது.

"மருமகங்கறதாலயா?"

"இல்லடா. அவ யாரு, நீ யாருன்னு தெரியாத மாதிரி ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாத்தேன். அந்த வாய்க்கால் மட்டும்தான் தெரிஞ்சுது. உன் வாசல்ல ஆரம்பிச்சு உன் வாசல்லயே முடியுதே, அது."

"அவ நம்மாளு இல்லியேக்கா."

"அன்னைக்கு நீ கேட்டப்ப ஆமாம்னுட்டேன். தப்பா சொல்லிட்டேன். இப்பச் சொல்றேன், கேட்டுக்கோ. எனக்குத் தம்பி நீதான், இந்தத் தட்டு எப்பவும் உனக்கு இருக்கும். ஓட்டு அதுல சேராது."

கதவோரம் அசைவு தெரிந்தது. போன வாரம் துணிக்கூடையோடு நின்ற அதே இடத்தில் மார்ஸ்லின் நின்றிருந்தாள். இந்த முறையும் எல்லாம் கேட்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. உள்ளே வந்து, ஹரிலாலின் தட்டில் இன்னும் இரண்டு பொலூரியை வைத்தாள்.

"மாமா, உங்க வாய்க்கால் சிமெண்ட் வேல நல்ல வேல. அந்த மேஸ்திரி யாருன்னு சொல்லுங்க. அங்கேருந்தே நீட்டிடலாம்."

ஹரிலால் அவளை நிமிர்ந்து பார்த்தான். சிரிக்கவில்லை. தட்டை ஒதுக்கவும் இல்லை. தின்று முடித்தான், கை கழுவினான். சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வெளியே போனான். "ஹரி, சீட்டுக்கட்டு இருக்கு, ஒரு ஆட்டம் பாக்கலாமா?" என்று கத்பர்ட் கூப்பிடுவது கேட்டது. பதில் வந்ததா என்பது பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை.

மார்ஸ்லின் மாமியாரைக் கட்டிக்கொண்டாள். மாவுக் கையோடு டுலாரியும் கட்டிக்கொண்டாள். வெள்ளைச் சட்டை பாழாயிற்று.

ஆடிக் களைத்த குளோட்டில் மூச்சு வாங்க உள்ளே வந்து, ஹரிலால் எழுந்துபோன நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"சம்பந்தி, ஓட்டுப் போட்டு வந்ததுலேருந்து உன்ன ஊரே கேக்குது, யாருக்குப் போட்டே, யாருக்குப் போட்டேன்னு. என்ன மட்டும் ஒருத்தருமே கேக்கலியே."

"உன்ன எதுக்குக் கேக்கணும்? பெத்தவ நீ," என்றாள் டுலாரி.

சொன்ன வார்த்தை தன் காதிலேயே விழுந்ததும், காலையில் 'பொண்ணு பொண்ணுதான், கட்சி கட்சிதான்' என்று சம்பந்தி சொன்னது நினைவுக்கு வந்தது; சட்டிக்குள் அவள் கரண்டி நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தாள். குளோட்டில் தன் சிவப்பு விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அந்த அகலச் சிரிப்பைக் காணோம்.